மாறன்பேரி குளக்கரையில் புதுப்பொண்ணு

சொல்லிடலாம். அந்தப் பட்டுப்போன கட்டை மேல உக்காந்திருக்கிற கொக்கு எந்திரிச்சுப் பறந்ததும் சொல்லிடலாம். ஏங்க, எனக்கு ஒன்னுக்குப் போகணும். இவ்வளவுதான். ஒன்னாங் கிளாஸ் புள்ளைங்க விரலைக் காட்டிட்டு ஓடிப்போற விஷயம். பி.ஃபார்ம் படிச்சு, கோவில்பட்டியில ஆஸ்பத்திரி மருந்துக்கடையில நின்னு, எந்தெந்த டாக்டரோ கோழி கிறுக்குன மாதிரி எழுதினதையெல்லாம் படிச்சுச் சொன்ன இந்தச் செண்பகவல்லிக்கு இது வாயில வர மாட்டேங்குது. கல்யாணமாகி இன்னும் ஒரு மாசம் முடியல. பக்கத்துல, முட்டியோட முட்டி உரசுற மாதிரி, டெலஸ்கோப்புல கண்ணை வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரே கோமதிநாயகம்னு ஒருத்தர், அவர்தான் என் வீட்டுக்காரர். ரெண்டு பேரும் ஒரு துணிக் கூடாரத்துக்குள்ள இருக்கோம். மிலிட்டரிக்காரங்க சட்டைத் துணி மாதிரி இலையும் சகதியுமா இருக்கிற துணி, குடைக்கம்பி மாதிரி வளைஞ்ச கம்பி, தண்ணிப் பக்கம் லென்ஸ் நீட்டுறதுக்கு ஒரு ஓட்டை, பின்னாடி நுழையறதுக்கு ஒரு திறப்பு, தரையில வெறும் மண்ணு. பறவைக்கு ஆள் இருக்கிறது தெரியாம உள்ள இருந்து பாக்கணுமாம். அளவு குடுத்துத் தைக்கச் சொன்னப்போ டெய்லர் 'மாட்டுக்கா சார்'னு கேட்டாராம். நேத்து அதைச் சொல்லிட்டு அவரே சிரிச்சார், நானும் சிரிச்சேன். சிரிக்கிறதெல்லாம் வருது. இது ஒன்னுதான் வர மாட்டேங்குது. கொக்கு கழுத்தை உள்ள இழுத்துக்கிட்டுத் தூங்குது. எனக்கென்னன்னு கெடக்கு சவம்.

எழுந்து போயிடலாம்னா எங்க போறது. போன வருஷம் வரைக்கும் இந்தக் கரை பூராவும் சீமைக்கருவேலம் காடாக் கெடந்துச்சாம். பொக்லைன் வச்சு வேரோட வழிச்சு எடுத்துட்டாங்கன்னு வரும்போது பைக்கில வச்சு சந்தோஷமாச் சொன்னார். நல்ல காரியம்தான், குளத்துத் தண்ணியெல்லாம் அதுதான் உறிஞ்சுச்சாம், இப்போ பறவை நிறைய வருதாம். ஆனா வழிச்சவங்க ஒரு புதரு, ஒரே ஒரு புதரு, பொம்பளைங்களுக்குன்னு விட்டு வச்சிருக்கக் கூடாதா. இந்தப் பக்கம் தண்ணி. பின்னாடி கரை, கரைக்கு அந்தப் பக்கம் ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வயக்காடு, வயக்காட்டுல இப்பவே ஆளுங்க. கரை மேல ஒரு மனுசன் பல்லு தேய்ச்சுக்கிட்டு நிக்கிறது துணிச் சந்து வழியாத் தெரியுது. வரும்போது இருட்டா இருந்துச்சு, அப்பவே சொல்லியிருக்கணும், இருட்டு போதும் மறைப்புக்கு. அப்போ அவ்வளவா இல்ல. அப்போ பைக்கில பின்னாடி உக்காந்து கூதல்ல பல்லு அடிச்சுக்கிட்டு வந்தேன். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்னு அம்மா சொல்லுவா. மச்சைத் துளைக்குதோ என்னமோ, அடிவயித்தை நல்லாவே துளைக்குது. கூதலுக்கும் இதுக்கும் என்ன சொந்தமோ, ஒன்னு வந்தா இன்னொன்னு துணைக்கு வந்துருது. காலை மாத்திப் போட்டேன். 'மரத்துப் போச்சா?'ன்னு காதுக்குள்ள கேட்டார். 'இல்ல'ன்னேன். மரத்துப் போச்சுன்னாவது சொல்லியிருக்கலாம், அதுலேருந்து மெல்ல மெல்ல விஷயத்துக்கு வந்திருக்கலாம். என் வாய்க்கு இல்லங்கிற வார்த்தைதான் முதல்ல வருது. உள்ள வந்து உக்காந்துட்டா வெயில் ஏறுற வரைக்கும் வெளிய வரக் கூடாதுன்னு வரும்போதே சொல்லிட்டார். ஆள் வெளிய வந்தா மொத்தக் குளமும் எந்திரிச்சிருமாம், அப்புறம் அன்னிக்குப் பொழப்பு அவ்வளவுதானாம்.

கட்டாயப்படுத்திக் கூட்டிட்டு வந்தார்னும் சொல்ல முடியாது. 'நாளைக்குக் குளத்துக்குப் போறேன், நீயும் வாரியா'ன்னு கேட்டார். கேக்கும்போது என்னைப் பாக்கல, பைனாகுலர் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே கேட்டார், காது மட்டும் செவந்து போச்சு. அந்தக் காதுக்காகத்தான் வாரேன்னேன். உடனே, மண் கலர்ல இல்ல பாசிக் கலர்ல எதையாவது போட்டுக்கோ, பறவை கண்ணுல பளிச்சுன்னு படக் கூடாதுன்னார். அடுப்படியில இருந்த அத்தைக்கு அது கேட்டுட்டு. 'புதுப்பொண்ணை மண்ணு கலர்ல கூட்டிட்டுப் போகப் போறியால. பாக்கிறவன் என்னல நெனப்பான், எழவு வீட்டுக்குப் போறியோன்னு கேப்பான்.' அதுக்கு மேல அப்பீல் கிடையாது. ஆகமொத்தம் இப்போ குங்குமச் செவப்புச் சேலை கட்டிக்கிட்டு, அதுக்கு மேல அவரோட பழைய பச்சை மழைக்கோட்டை மாட்டிக்கிட்டு, தலையில அவரு தொப்பியை வச்சுக்கிட்டு, பலசரக்குக் கடையில சாக்குப் போட்டு மூடி வச்ச மிளகாய் மூட்டை மாதிரி உக்காந்திருக்கேன். வளையல்தான் பெரிய பிரச்சனை. கண்ணாடி வளையல், தாலி பெருக்கிப் போடுற வரைக்கும் கழட்டக் கூடாதாம், கையை அசைச்சா சலசலங்குது. கழட்டாமலே சத்தத்தை நிறுத்தவும் அவரே வழி கண்டுபிடிச்சார். பைக்கை நிறுத்தின இடத்துல ரெண்டு கைக்குட்டையை எடுத்து, 'கட்டலாமா'ன்னு கேட்டுட்டு, வளையலோட சேத்து ரெண்டு மணிக்கட்டுலயும் சுத்திக் கட்டினார். இறுக்காம, நழுவாம. மருந்துக்கடைக்குக் கையை வெட்டிக்கிட்டு வர்றவங்களுக்கு நான் கட்டுறதை விட நல்ல கட்டு. கட்டி முடிச்சப்புறமும் என் கையை உடனே விடல. கூதல்னு நெனச்சேன். கூதல் மட்டும் இல்லன்னு இப்போ தோணுது. எனக்கு அந்த நேரம் ரொம்பப் பிடிச்சிருந்துச்சு, அதை ஏன் மறைக்கணும்.

இப்போ நல்லா வெளுத்துட்டு. தண்ணி மேல பனி படுத்துக் கெடக்கு, அதுக்குள்ளேருந்து சத்தம் மட்டும் வருது, விதவிதமா. கல்யாண வீட்டுல விடியக்காலம் பந்திக்குப் பாத்திரம் எடுத்து வைக்கிற மாதிரி ஒரு கலகலப்பு. அப்புறம் பனி கொஞ்சம் கொஞ்சமா விலகுது, ஆளுங்க தெரியுறாங்க. ஆளுங்கன்னுதான் வருது எனக்கு. நெத்தியில பட்டையா வெள்ளை நாமம் போட்ட கருப்புக் கோழி ஒரு கூட்டம், நாமக்கோழியாம், ஒன்னையொன்னு விரட்டிக்கிட்டே இருக்கு, சொத்துத் தகராறு போல. நீலச் சேலை கட்டின மாதிரி ஒன்னு, சேத்துல காலைத் தூக்கித் தூக்கி வச்சு நடக்குது, நீலத் தாழைக்கோழின்னு காதுல சொன்னார். காதுல சொல்றார்னா மூச்சுக் காத்து படுது, சுக்கு வாசம் அடிக்குது. வாலை ஊசி மாதிரி நீட்டிக்கிட்டு மிதக்கிற வாத்து எங்கயோ வடக்கேயிருந்து, பனி உறையிற தேசத்துலேருந்து வருதாம். ஒவ்வொன்னையும் டெலஸ்கோப்புல பிடிச்சு நிறுத்திட்டு, தான் பாக்கிறதுக்கு முந்தி நகர்ந்து எனக்கு இடம் விடுறார். நான் பாக்கிறேன். முதல்ல இமைமுடிதான் தெரிஞ்சுச்சு. அப்புறம் திடீர்னு ஒரு வாத்தோட கண்ணு, அவ்வளவு பக்கத்துல, அதுல ஒரு பொட்டு வெளிச்சம். மறந்தே போச்சு எனக்கு. கொஞ்ச நேரம் அடிவயிறுன்னு ஒன்னு இருக்கிறதே மறந்து போச்சு. அந்த வாத்து தலையைக் கவுத்து வாலை மேல தூக்குச்சு பாருங்க, தண்ணி வட்டம் வட்டமாப் போச்சு, ஞாபகம் வந்துட்டு. தண்ணியையே பாக்கக் கூடாது. தண்ணியைப் பாக்காம குளத்துல எதைப் பாக்கிறது.

அவர் தேடுறது இதையெல்லாம் இல்ல. செங்கால் நாரை. நம்ம பக்கம் எப்பவாவது ஒன்னு ரெண்டு வருமாம், சில வருஷம் வரவே வராதாம். காலேஜ் நாள்லேருந்து தேடுறார். இவர் போறதுக்கு முந்தின நாள் இருக்கும், மறுநாளும் வந்துருக்கும், இவர் போற அன்னிக்கு மட்டும் இருக்காது. ஒருத்தருக்கு நேரம் சரியில்லன்னா நாரை கூட ஏமாத்தும் போல. போன வாரம் மறுவீட்டு விருந்துக்கு எங்க வீட்டுக்குப் போயிருந்தப்போ அவங்க பறவை பாக்கிற வாட்சப் குரூப்புல யாரோ மாறன்பேரியில பாத்ததாப் போட்டுட்டாங்க. இவர் இலைக்கு முன்னாடி உக்காந்து அதைப் படிக்கிறார், எங்க சித்தப்பா பாயசம் ஊத்துறார், இவர் போதும்னு சொல்ல மறந்துட்டார். அப்பளம், அவியல் எல்லாம் பாயசத்துல மிதக்குது. மாப்பிள்ளைக்குப் பாயசம்னா உசுரு போலன்னு சித்தப்பா ஊரெல்லாம் சொல்லிட்டார். இப்போ எங்க வீட்டுக்கு எப்போ போனாலும் பாயசம்தான். அவருக்கு இனிப்பு ஆகவே ஆகாது. நல்ல மனுசன்தான். பாலிடெக்னிக்ல லேப் பாக்கிற வேலை, யாருகிட்டயும் சத்தமாப் பேசாத மனுசன், பறவையைப் பாத்தா வாயைப் பொளக்கிற மனுசன். பொண்ணு பாக்க வந்தப்போ எங்க அப்பாவுக்கும் நல்ல மனுசன்னுதான் பட்டுச்சு. எங்க அப்பாவும் நல்ல மனுசன்தான். அதுதான் எனக்குப் பயம்.

அப்பாவுக்கு ஒரு குடி கிடையாது, ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. பிள்ளைங்கன்னா உசுரு. வருஷா வருஷம் வாடகைக்கு வேன் பிடிச்சு எல்லாரையும் திருச்செந்தூர், குத்தாலம், பழனின்னு கூட்டிட்டுப் போவார். டிரைவர் பக்கத்துல உக்காந்துக்கிட்டு அவ்வளவு சந்தோஷமா வருவார். டீக்கு நிறுத்துவார், டிரைவர் பீடி குடிக்க நிறுத்துவார், ஆம்பளைங்க எல்லாரும் இறங்கி ரோட்டோரமாத் திரும்பி நிப்பாங்க, ஏறிப்பாங்க, வண்டி கிளம்பிரும். அம்மா பின் சீட்டுல ஜன்னல் ஓரமா உக்காந்து மடியில கைப்பையை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே வருவா. ஒரே ஒரு தடவை என்னை விட்டுச் சொல்லச் சொன்னா, நான் போய்ச் சொன்னேன், 'கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு, இந்தா ஊர் வந்துரும்'னார். கோபமா இல்ல. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். ஊர் வந்துச்சு, வராம எங்க போகும். அம்மா பொறுத்தா. அப்படியே வருஷமெல்லாம் பொறுத்துப் பொறுத்து, வெளிய கிளம்புற அன்னிக்குத் தண்ணியே குடிக்காம இருந்து பழகி, கடைசியில கிட்னியில சீழு வச்சு பாளையங்கோட்டையில ஆஸ்பத்திரியில கெடந்தா. டாக்டரம்மா, 'ஏம்மா அடக்கினீங்க, வாயைத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே'ன்னு கேட்டாங்க. அப்பா அப்போ பக்கத்துலதான் நின்னார். முகம் பேயறைஞ்ச மாதிரி ஆயிட்டு. 'என்கிட்ட சொல்லவே இல்லையே'ன்னார். நெஜமாவே அவருக்குத் தெரியல. அவர் பொய் சொல்லல. அம்மா சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டா. இப்போ நல்லாத்தான் இருக்கா, கடவுள் புண்ணியத்துல. அன்னிக்கு அந்தக் கட்டில் பக்கத்துல நின்னு நான் மனசுக்குள்ள சத்தியம் பண்ணினேன், நான் இப்படி இருக்க மாட்டேன், கட்டிக்கிறவன் எவனா இருந்தாலும் வாயைத் தொறந்து சொல்லுவேன்னு.

சொல்லுவேன்னு சத்தியம் பண்ணினவ இங்க இருக்கா, முந்தானையைக் கசக்கிக்கிட்டு. ஊருக்கு உபதேசம் நல்லா வரும் எனக்கு. மருந்துக்கடைக்கு வர்ற பொம்பளைங்க சீட்டை மடிச்சு மடிச்சு நகம் அளவாக்கி நீட்டுவாங்க, பக்கத்துல ஆம்பளை யாராவது நின்னா போற வரைக்கும் காத்துக்கிட்டு நிப்பாங்க. டீச்சருங்க, பஸ் ஸ்டாண்டுல பூ விக்கிறவங்க, ஜவுளிக்கடையில நாளெல்லாம் நிக்கிற பிள்ளைங்க, போலீஸ்காரம்மா கூட. எல்லாருக்கும் நீர்க்கடுப்புதான், ஒரே மாத்திரை, ஒரே சிரப்பு. 'அக்கா, தண்ணி நிறைய குடிங்க, வந்தா அடக்காதீங்க, கூச்சப்படாதீங்க'ம்பேன். அவங்களும் சரி சரின்னு தலையாட்டிட்டுப் போவாங்க. எப்படி மனசுக்குள்ள திட்டியிருப்பாங்க என்னைய. எங்க போய் அடக்காம இருக்கிறது, உன் மருந்துக்கடைக்குள்ளயான்னு கேட்டிருப்பாங்க. நியாயம்தான். இப்போ நான் சொல்லணும்னா என்ன சொல்லணும். ஏங்க, நீங்க காலேஜ் நாள்லேருந்து தேடுற நாரை எந்த நிமிஷமும் வந்து இறங்கும், அது இறங்கிறதுக்கு முந்தி நான் வெளிய போய் மொத்தக் குளத்தையும் கிளப்பி விடணும், ஏன்னா எனக்கு ஒன்னுக்கு வருது. வெயில் ஏறட்டும்னு பொறுத்துக்கலாம். கொஞ்சம் பொறுத்துக்கோ செம்பா, இந்தா வெயில் வந்துரும். யாரு சொல்றா இதை. எனக்குள்ளேருந்து எங்க அப்பா சொல்றார். எனக்குள்ளேருந்து அம்மா சரிங்கிறா. அவர் வாயே தொறக்கல, அவருக்குப் பதிலா நானே கேட்டு நானே பதிலும் சொல்லிக்கிறேன், நல்ல குடித்தனம்.

அவர் மேலயும் தப்பு இருக்கு. இல்லன்னு சொல்லாதே மனசே. பைக்கை நிறுத்தினதும் 'ஒரு நிமிஷம்'னுட்டு இருட்டுல அந்தப் பக்கம் போனார், போயிட்டு வந்து கையைத் துடைச்சுக்கிட்டு, ஒரு பாட்டை முணுமுணுத்துக்கிட்டே கூடாரத்தைத் தோள்ல தூக்கிக்கிட்டார். தனக்கு வந்தது பக்கத்துல இருக்கிறவளுக்கும் வருமேன்னு ஏன் ஒருத்தருக்கும் தோண மாட்டேங்குது. ஏழு கடல் தாண்டி வர்ற வாத்து எங்க தூங்கும், என்ன தின்னும், எப்போ திரும்பும்னு எல்லாம் தெரியும். ஃபிளாஸ்க்கைத் தொறந்து சுக்குக் காப்பி ஊத்தி முதல்ல எனக்குத்தான் நீட்டினார். வேண்டாம்னேன். 'நீ குடிக்கன்னுதான் கருப்பட்டி கூடப் போட்டேன்'னார். வேண்டாம்னேன் மறுபடி. அவர் முகம் கொஞ்சம் சுருங்கிப் போச்சு, பிடிக்கலன்னு நெனச்சிருப்பார். விடியுறதுக்கு முந்தி எந்திரிச்சு அத்தைக்குத் தெரியாம அடுப்படியில பூனை மாதிரி சுக்கு தட்டியிருக்கார், அந்தச் சத்தத்துலதான் நான் முழிச்சேன். எனக்கு ஆசையாத்தான் இருந்துச்சு, வாசம் மூக்கைத் துளைக்குது. ஆனா குடிச்சா உள்ள போறது வெளிய வரணுமே. நான் ஏன் குடிக்கலன்னு அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாதுங்கிறது அவர் தப்பா, நான் சொல்லலங்கிறது என் தப்பா. அப்பாவுக்குத் தெரியல. அம்மா சொல்லல. அப்படித்தான் ஒவ்வொரு வீட்டுலயும் ஆரம்பிச்சிருக்கும், ஒரு டம்ளர் காப்பியில.

கொக்கு பறந்துட்டு. எப்போ பறந்துச்சுன்னே பாக்கல, கட்டை காலியாக் கெடக்கு. சரி, அந்தத் தாழைக்கோழி நாணலுக்குள்ள போனதும் சொல்லிடலாம். அது வேணும்னே அங்கயும் இங்கயும் நடக்குது. சூரியன் அந்தக் கரைப் பனை உச்சிக்கு மேல வந்துட்டு, தண்ணியெல்லாம் தங்கம், கண்ணு கூசுது, நாமக்கோழியெல்லாம் வெறும் கருப்புப் பொட்டு. எவ்வளவு அழகா இருக்கு, பாவி, எவ்வளவு அழகா இருக்கு, ஒரு பாத்ரூம் மட்டும் இருந்தா நான் சாயங்காலம் வரைக்கும் கூட இங்கயே இருந்துருப்பேன். சுளீர்னு ஒரு வலி இழுத்துச்சு. இது பொறுக்கிற வலி இல்ல, இது ஆஸ்பத்திரிக் கட்டில் வலி. தாழைக்கோழி உள்ள போகல. போகாட்டிப் போ. 'ஏங்க.' கண்ணை எடுக்காம 'ம்'னார். 'ஏங்க, எனக்கு ஒன்னுக்குப் போகணும்.' சொல்லிட்டேன். சத்தமாவே வந்துட்டு. பக்கத்துல ஏதோ ஒரு சின்னக் குருவி பயந்து எந்திரிச்சு ஓடுச்சு.

அவர் டெலஸ்கோப்புலேருந்து கண்ணை எடுத்தார். கண்ணைச் சுத்தி வட்டமா ஒரு தடம். என்னைப் பாத்தார், என் மடியைப் பாத்தார், வெளிய தண்ணியைப் பாத்தார், பின்னாடி கரையைப் பாத்தார், ஒவ்வொன்னாப் பாக்கப் பாக்க அவர் முகம் மாறுது. 'எப்பலேருந்து?' 'வண்டியிலேருந்தே.' 'அய்யோ'ன்னார், ரொம்ப மெதுவா. 'நான் நெனைக்கவே இல்லையே.' அப்பா சொன்ன அதே மாதிரி வார்த்தைதான். ஆனா அவர் அதோட நிக்கல. டெலஸ்கோப்பை ஸ்டாண்டோட மடக்கினார். பையை எடுத்தார், ஃபிளாஸ்க்கை எடுத்தார், உக்காந்திருந்த பாயைச் சுருட்டினார். 'நாரை வந்தா?'ன்னேன். 'அது கெடக்கு'ன்னார். பின்பக்கத் துணியை விலக்கி முட்டி போட்டு வெளிய போனார். போனதுதான் தாமதம், மொத்தக் குளமும் எந்திரிச்சுட்டு. எறக்கைச் சத்தம் மழை இறங்கின மாதிரி தலைக்கு மேல போகுது, வாத்து, உள்ளான், எல்லாம். அதைப் பாக்க அவர் நிமிரக் கூட இல்ல. திறப்பை இழுத்து முடிச்சுப் போட்டுக்கிட்டே, 'வெயில் முன்னாடியிருந்து அடிக்குது, துணி மெல்லிசு, இந்தப் பக்கத்துலேருந்து பாத்தா உள்ள நிழல் தெரியும். நான் கரையில போய் ரோட்டைப் பாத்து நிக்கிறேன், ஒருத்தரையும் இறங்க விட மாட்டேன். நீ கூப்பிடுற வரைக்கும் நானும் திரும்ப மாட்டேன்'னார். பல்லு தேய்க்கிறவர்கிட்ட போய் ஏதோ சொன்னார், அந்த மனுசன் துண்டை உதறிப் போட்டுக்கிட்டு நடந்து போயிட்டார். அப்புறம் கரை மேல முதுகைக் காட்டிக்கிட்டு நின்னார்.

மழைக்கோட்டைக் கழட்டிப் போட்டு, சேலையை ஒதுக்கி உக்காந்தேன். உடனே வரல, பாருங்க. இவ்வளவு நேரம் அடக்கினா உடம்புக்கு நம்பிக்கை வர மாட்டேங்குது. அப்புறம் வந்துச்சு. அடேயப்பா. கண்ணுல தண்ணி முட்டிட்டு. அந்த நிம்மதியை எழுதி வைக்க ஒரு பாஷையும் கிடையாது. கண்ணைத் தொறந்தப்போ லென்ஸ் ஓட்டை வழியா, இவ்வளவு நேரமா நாங்க பாத்துக்கிட்டிருந்த அதே சேத்துத் திட்டுல, ஒன்னு வந்து இறங்குது. கரையில மனுசன் சும்மா நிக்கிறதெல்லாம் அதுகளுக்குப் பழக்கம் போல. பெருசு. எறக்கையை மடக்கி நிமிர்ந்து நின்னுச்சு.

'ஏங்க.'

'ஆச்சா?' திரும்பாமலே கேட்டார்.

'இல்ல. ஒன்னு வந்து இறங்கியிருக்கு. வெள்ளையா, எறக்கை ஓரம் கருப்பு.'

'நத்தைகுத்தி நாரையா இருக்கும். மூக்கு ரெண்டும் நடுவுல சேராம சந்து தெரியுதா?'

'சந்து இல்ல. நல்லா நீளமா, நேரா இருக்கு. செவப்பு. காலும் செவப்பு.'

 முடிச்சுக்குப் பக்கத்துச் சந்து வழியா எட்டிப் பாத்தேன். முதுகு விறைச்சுப் போய் நிக்குது, ரெண்டு கையும் முஷ்டியா மூடியிருக்கு. கழுத்து மட்டும் இம்மியளவு அசைஞ்சுச்சு. அசைஞ்சு நின்னுட்டு. எனக்கு இன்னும் ஆகல, நிறுத்தவும் முடியாது, எந்திரிச்சா அது போயிரும். நிழல்தானே. தெரிஞ்சா தெரியட்டும். என் வீட்டுக்காரர்தானே.

'திரும்பிப் பாருங்க'ன்னேன். 'பரவால்ல. போயிரப் போகுது, திரும்புங்க.'

'நீ முடிச்சிட்டியா?'

'இல்ல.'

'அப்போ திரும்பல.' ரோட்டைப் பாத்தபடியேதான் சொன்னார். 'நீ பதறாதே. மெதுவா இரு. நல்லாப் பாத்து எனக்குச் சொல்லு, அது போதும்.'

எனக்கு அழுகை வந்துட்டு. சிரிப்பும் வந்துச்சு. இந்தக் கோலத்துல உக்காந்துக்கிட்டு ஒரு பொம்பளை அழுது சிரிச்சு நாரைக்கு வர்ணனை சொன்னது மாறன்பேரியில இதுதான் முதல் தடவையா இருக்கும். சொன்னேன். மூக்கால சேத்தைக் குத்துது, ஏதோ பிடிச்சிருக்கு, தலையைத் தூக்கி முழுங்குது. கண்ணைச் சுத்திக் கருப்பு. கழுத்தடியில இறகு தொங்குது, தாடி மாதிரி. இப்போ ஒரு காலைத் தூக்கிக்கிட்டு நிக்குது. இப்போ இந்தப் பக்கம் பாக்குது, என்னையத்தான் பாக்குது. அவர் தோளு ரெண்டும் குலுங்குது, சிரிக்கிறாரா என்னன்னு தெரியல. ரோட்டுல ஒரு பால்காரர் சைக்கிளை மெதுவாக்கி, வயக்காட்டைப் பாத்து நின்னு தனியாக் குலுங்குறவரை ஒரு மாதிரியாப் பாத்துட்டுப் போறார். சொல்லிக்கிட்டிருக்கும்போதே அது ரெண்டு எட்டு ஓடி, எந்திரிச்சு, அந்தக் கரைப் பனைக்கு மேல போய், வெயிலுக்குள்ள போயிட்டு.

சேலையைச் சரி பண்ணிக்கிட்டு முடிச்சை அவுத்து வெளிய வந்தேன். 'ஆச்சு. திரும்புங்க'ன்னேன். திரும்பினார். முதல்ல தண்ணியைப் பாப்பார்னு நெனச்சேன், பாக்கல. என்னைப் பாத்தார். கண்ணெல்லாம் செவந்திருக்கு.

'போயிருச்சுங்க.'

'நீ பாத்தேல்ல'ன்னார்.

பாத்தேன்னேன். அவர் கரையை விட்டு இறங்கி வந்து கூடாரத்தோட ஒரு பக்கக் கம்பியைப் பிடிச்சார், நான் இன்னொரு பக்கம் பிடிச்சேன். தூக்கிக்கிட்டு வேற இடத்துக்கு நடந்தோம். நடக்கும்போதே சொன்னேன், இனிமே வண்டியில போகும்போது நான் நிறுத்துங்கன்னா உடனே நிறுத்தணும், எங்க, எதுக்குன்னு கேக்கக் கூடாதுன்னு. அவர் எதுக்குன்னு கேக்கல. 'சொல்லு, நிறுத்துறேன்'னார்.